வெப்சாக்கெட்டை லாகின் செஷனோடு இணைக்க எந்த வழி?

ஒரு வாடிக்கையாளர் சேவை ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஏஜென்ட்கள் பிரவுசரில் உட்கார்ந்து சாட்டுக்குப் பதில் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்கள் மொபைல் ஆப்பிலிருந்து எழுதுகிறார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் ஓர் ஏஜென்ட் லாகவுட் செய்துவிட்டு எழுந்து போகிறார். அதே கணினியில் அடுத்தவர் வந்து லாகின் செய்கிறார். முதலாமவர் திறந்து வைத்த இன்னொரு டேப் பின்னால் அப்படியே கிடக்கிறது. அந்த டேப்பின் வெப்சாக்கெட், அதாவது பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் திறந்தே இருக்கும் இரு வழி இணைப்பு, உயிரோடு இருந்தால், முதலாமவருக்கு வரும் செய்திகள் இரண்டாமவர் கண் முன்னால் வந்து விழும். சர்வரில் செஷன் (அவர் லாகின் செய்திருக்கிறார் என்ற பதிவு) அழிந்திருக்கும், பிரவுசரில் அதைச் சுட்டும் குக்கியும் போயிருக்கும். இணைப்புக்கு மட்டும் எதுவும் தெரியாது.

வெப்சாக்கெட் இணைப்பை யூசரோடு இணைப்பது எப்படி என்ற பேச்சு வந்தால், பிரவுசர் தானாக அனுப்பும் குக்கியா, நாமே எடுத்து அனுப்பும் அடையாளச் சரமான டோக்கனா என்பதில்தான் டீம்கள் மோதிக்கொள்கின்றன. அது பாதிக் கேள்விதான். இணைப்பு திறக்கும்போது ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பது அந்தப் பாதி. செஷன் முடியும்போது இணைப்பை எப்படி முடிப்பது என்பது மறுபாதி. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. முதலாவதில் எதைத் தேர்ந்தால் இரண்டாவது சுலபமாகும் என்ற கண்ணோடுதான் இந்த ஒப்பீடு.

முதலில் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 2011 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 6455-இன்படி வெப்சாக்கெட் ஒரு சாதாரண எச்டிடிபி கெட் ரிக்வெஸ்டாகத்தான் தொடங்குகிறது. "நெறிமுறையை மாற்றிக்கொள்ளலாமா" என்று கிளையன்ட் கேட்கிறது, சர்வர் 101 என்று பதில் சொல்கிறது. இந்தத் தொடக்கக் கேள்வி-பதிலுக்கு ஹேண்ட்ஷேக் என்று பெயர். அதோடு எச்டிடிபியின் வேலை முடிந்தது. அப்புறம் அந்தக் குழாயில் போவதெல்லாம் வெறும் ஃபிரேம்கள். ஃபிரேமுக்கு ஹெட்டர் வரிகள் கிடையாது, குக்கி கிடையாது. வழக்கமான வெப் ஆப்பில் ஒவ்வொரு ரிக்வெஸ்டும் தன் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவரும். செஷன் செத்திருந்தால் அடுத்த ரிக்வெஸ்டிலேயே தெரிந்துவிடும். வெப்சாக்கெட்டில், வாசலில் ஒருமுறை முகத்தைப் பார்த்து உள்ளே விட்ட வாட்ச்மேன் மாதிரிதான் சர்வர். உள்ளே போனவரின் அனுமதி ரத்தானது அந்த வாட்ச்மேனுக்கு யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு கட்டுப்பாடு பிரவுசரிலிருந்து வருகிறது. ஜாவாஸ்கிரிப்டில் வெப்சாக்கெட் திறக்கும்போது இரண்டே விஷயங்களைத்தான் கொடுக்கலாம்: யூஆர்எல், துணை நெறிமுறைகளின் பட்டியல். டோக்கனைச் சுமக்கும் ஆதரைசேஷன் ஹெட்டரை வைக்க இடமே இல்லை. கீழே வரும் சுற்றுவழிகள் பலவும் இந்த ஒரு குறையால் முளைத்தவை. ஆண்ட்ராய்டில் ஓகேஎச்டிடிபி, ஐஓஎஸ்ஸில் யூஆர்எல்செஷன் போன்றவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. ஹேண்ட்ஷேக் ரிக்வெஸ்டிலேயே எந்த ஹெட்டரையும் வைக்கலாம். ஆகவே மொபைல் மட்டும் உள்ள ஆப் என்றால் ஹெட்டரில் டோக்கனை வைத்துவிட்டு, நேராகச் செஷன் முடிவு பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

குக்கி: சும்மா வருவது, ஆனால் சும்மா விடக்கூடாதது

ஹேண்ட்ஷேக் ஓர் எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்பதால், அந்த முகவரிக்கு உரிய குக்கிகளைப் பிரவுசர் தானாகவே அனுப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாத எச்டிடிபி-ஒன்லி குக்கியும் போகும், செக்யூர் குக்கியும் (இணைப்பு டபிள்யூஎஸ்எஸ், அதாவது மறைகுறியாக்கிய வெப்சாக்கெட் ஆக இருந்தால்) போகும். கிளையன்ட் பக்கம் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. சர்வரில் அந்தக் குக்கியைப் படித்து, செஷன்களைச் சேமித்து வைத்திருக்கும் செஷன் ஸ்டோரில் தேடி, ஆள் யார் என்று கண்டுபிடித்தால் போதும். முக்கியமாக, கையில் கிடைப்பது யூசர் ஐடி மட்டுமல்ல, செஷன் ஐடியும் கூட. இந்த வழியின் மிகப் பெரிய லாபமாக நான் நினைப்பது இதைத்தான். மற்ற வழிகளில் செஷன் ஐடியை நாமே மெனக்கெட்டுக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

ஜாங்கோ சேனல்ஸில் ஆத் மிடில்வேர் ஸ்டாக்கைச் சுற்றிவிட்டால் ஸ்கோப்பில் யூசர் வந்து உட்கார்ந்துவிடுவார். ரெயில்ஸின் ஆக்‌ஷன் கேபிளில் கனெக்‌ஷன் கிளாஸுக்குள் குக்கியைப் படித்து, ஆள் சரியில்லை என்றால் அங்கேயே நிராகரிக்கலாம். நோடில் கொஞ்சம் கைவேலை உண்டு. எக்ஸ்பிரஸின் மிடில்வேர் வரிசை ஹேண்ட்ஷேக்குக்கு ஓடாது. அது அப்கிரேட் என்ற தனி ஈவென்ட்டாக வரும். அங்கே செஷன் மிடில்வேரை நாமே கூப்பிட்டு ஓட்ட வேண்டும். சிலர் சுருக்கமாக முடிக்கிறோம் என்று குக்கி வரியை வெட்டி ஐடியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எக்ஸ்பிரஸ்-செஷன் தன் குக்கியில் கையொப்பத்தையும் சேர்த்து வைக்கிறது. வெட்டி எடுக்கும்போது அந்தக் கையொப்பச் சோதனையும் சேர்ந்து போய்விடும்.

சரி, ஆபத்து எங்கே? ஒரு தளம் இன்னொரு தளத்தின் பதிலைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதிகள் வெப்சாக்கெட் ஹேண்ட்ஷேக்குக்குப் பொருந்தாது. எந்தத் தளத்தின் பக்கமும் உங்கள் சர்வருக்கு ஓர் இணைப்பைத் திறக்கலாம். குக்கி அதோடு போகக்கூடும். ஹேண்ட்ஷேக் கெட் ரிக்வெஸ்ட் என்பதால் வேற்றுத் தளம் யூசர் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்புவதைத் தடுக்கும் உங்கள் சிஎஸ்ஆர்எஃப் மிடில்வேரும் அதைக் கண்டுகொள்ளாது. சாதாரண சிஎஸ்ஆர்எஃப் தாக்குதலில் எதிராளி கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரிக்வெஸ்டை அனுப்புகிறார், பதிலைப் படிக்க முடியாது. இங்கே இரு வழிக் குழாயே அவர் கைக்குப் போகிறது: யூசர் பெயரில் பேசலாம், வருவதைப் படிக்கலாம். இதற்குக் கிராஸ்-சைட் வெப்சாக்கெட் ஹைஜாக்கிங் என்று பெயர்.

சேம்-சைட் குக்கி வந்த பிறகு இது தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. 2020-இல் குரோம் 80 முதல் சேம்-சைட் குறிப்பு இல்லாத குக்கியை லாக்ஸ் (வேற்றுத் தளத்திலிருந்து திறக்கும் வெப்சாக்கெட்டோடு போகாத வகை) ஆகக் கொள்வது வழக்கமானதால் ஆபத்து பெரிதும் குறைந்தது உண்மைதான். ஆனால் "சைட்" என்பது சப்டொமைன்களையும் சேர்த்துக்கொள்ளும் சொல். 2023-இல் கிட்பாடில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை இதற்குப் பாடமாகவே வைக்கலாம். அங்கே யூசர்களின் வேலைத்தளங்கள் அதே டொமைனின் சப்டொமைன்களில் ஓடின. ஒருவர் தன் வேலைத்தளத்தில் வைத்த பக்கத்தை இன்னொருவர் திறந்தால், பிரவுசரின் கணக்கில் அது அதே சைட், குக்கி போய்விடும். எந்த முகவரியின் பக்கம் இணைப்பைத் திறக்கிறது என்று சொல்லும் ஆரிஜின் ஹெட்டரை வெப்சாக்கெட் சர்வர் சரிபார்க்கவில்லை. கணக்கையே கைப்பற்ற அது போதுமாக இருந்தது.

ஆகவே குக்கி வழியை எடுத்தால் ஆரிஜின் ஹெட்டரைச் சரிபார்ப்பது கட்டாயம். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்ட் இந்த ஹெட்டரை மாற்ற முடியாது. பிரவுசருக்கு வெளியே ஆரிஜினைப் பொய்யாக எழுதலாம்தான், ஆனால் அப்படி எழுதுபவர் கையில் பாதிக்கப்படுபவரின் குக்கி இருக்காது. சரிபார்க்கும்போது முழு முகவரியையும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். "நிறுவனம்.காம் என்று முடிகிறதா" என்று பார்த்தால் "போலிநிறுவனம்.காம்" உள்ளே வந்துவிடும். கோ மொழியின் கொரில்லா லைப்ரரி, ஆரிஜினும் ஹோஸ்ட்டும் ஒன்றுதானா என்று தானாகவே பார்க்கிறது. ஆனால் டெவலப்மென்ட்டில் எரர் வருகிறது என்று அந்தச் சோதனையை "எப்போதும் சரி" என்று எழுதி, அப்படியே புரொடக்‌ஷனுக்கும் அனுப்பிவிடுகிற வழக்கம் உண்டு. நோடின் டபிள்யூஎஸ் லைப்ரரி தானாக எதையும் பார்ப்பதில்லை. ஜாங்கோ சேனல்ஸில் ஆரிஜின் வேலிடேட்டரை நாமே சுற்ற வேண்டும். ஃபீனிக்ஸில் அது முன்பே இயங்கும் நிலையில் வருகிறது.

குக்கி வழி உடையும் இடம் டொமைன். ஆப் ஒரு டொமைனிலும் வெப்சாக்கெட் சர்வர் முற்றிலும் வேறு டொமைனிலும் இருந்தால் அது மூன்றாம் தரப்புக் குக்கியாகிவிடும். சஃபாரி 2020 முதல் அதை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தளத்துக்குத் தளம் தனி ஜாடியில் போட்டு வைக்கிறது. அங்கே குக்கியை நம்பிப் பயனில்லை. ஒரே டொமைனின் இரண்டு சப்டொமைன்கள் என்றால் ஓடும், ஆனால் குக்கியை முழு டொமைனுக்கும் பொதுவாக்க வேண்டும். அப்படிப் பொதுவாக்குவதை விட, சர்வர்களுக்கு முன்னால் நிற்கும் ரிவர்ஸ் பிராக்ஸியில் ஒரு பாதையைத் திறந்து, வெப்சாக்கெட்டை ஆப்பின் அதே ஹோஸ்ட்டுக்குக் கீழே கொண்டுவருவதையே நான் விரும்புவேன். என்ஜின்எக்ஸில் சில வரிகள்தான். படிக்கும் நேர வரம்பு 60 விநாடி என்று முன்பே வைத்திருப்பார்கள். அதை உயர்த்த மறந்தால் சும்மா இருக்கும் இணைப்புகள் நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருக்கும்.

யூஆர்எல்லில் டோக்கன்

க்வெரி ஸ்ட்ரிங்கில் ஜேடபிள்யூடியை (யார், எதுவரை செல்லும் என்ற விவரத்தைத் தன்னுள்ளேயே கையொப்பத்தோடு வைத்திருக்கும் டோக்கன்) ஒட்டி அனுப்புவது பரவலான வழி. பிரவுசரில் ஓடும் சிக்னல்ஆர் கிளையன்ட் இதைத்தான் செய்கிறது. பெரிய திட்டு வாங்கும் வழியும் இதுதான், ஆனால் திட்டுவதில் பாதி பொருந்தாது. டிஎல்எஸ் மறைகுறியாக்கம் இருந்தால் வழியில் யாரும் யூஆர்எல்லைப் படிக்க முடியாது. வெப்சாக்கெட் முகவரி பிரவுசர் ஹிஸ்டரியிலும் வராது. உண்மையான கசிவு சர்வர் பக்கம்தான்: என்ஜின்எக்ஸின் ஆக்ஸஸ் லாக், லோட் பேலன்சரின் லாக், கண்காணிப்புக் கருவிகள் எல்லாம் முழு யூஆர்எல்லையும் எழுதி வைக்கும். லாகைப் பார்க்க அனுமதி உள்ள எல்லாருக்கும் யூசர்களின் டோக்கன் கிடைக்கிறது. ஒரு மணி நேரமோ ஒரு நாளோ செல்லும் டோக்கன் என்றால் அது வேண்டாம். லாகில் க்வெரியை வெட்டிவிடலாமே என்று கேட்டால், வெட்டலாம். நடுவில் இருக்கும் எல்லாப் பெட்டிகளிலும் வெட்டினோமா என்று யார் உறுதி சொல்வது?

இதற்குத் தப்பிக்க, துணை நெறிமுறைப் பட்டியலில் டோக்கனை ஒளித்து அனுப்பும் தந்திரம் ஒன்று உண்டு. குபர்னெட்டீஸின் ஏபிஐ சர்வர் இதை அதிகாரப்பூர்வமாகவே ஏற்கிறது. ஹெட்டரில் போவதால் ஆக்ஸஸ் லாகில் பொதுவாகப் பதிவாகாது. பிரச்சினை என்னவென்றால், அந்த ஹெட்டர் இதற்காகப் படைக்கப்பட்டதல்ல. சமக்குறி, சாய்கோடு போன்ற எழுத்துகள் அதில் வரக்கூடாது. சர்வர் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து பதிலில் திருப்பிச் சொல்லாவிட்டால் குரோம் இணைப்பையே முறித்துவிடும். சோம்பலில் டோக்கனையே திருப்பிச் சொல்லும் சர்வர்களும் உண்டு. உண்மையான நெறிமுறைப் பெயர் ஒன்றைச் சேர்த்து அனுப்பி அதைத்தான் திருப்ப வேண்டும். வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்து இந்தக் கோடைப் படிக்கப் போகிறவரை நினைத்தால் நான் தயங்குவேன்.

முதல் செய்தியில் அறிமுகம்

இன்னொரு வழி, யாரென்று கேட்காமலே இணைப்பை ஏற்றுக்கொண்டு, முதல் செய்தியாக டோக்கன் வர வேண்டும் என்று வைப்பது. டிஸ்கார்டின் கேட்வே இப்படித்தான்: இணைந்ததும் சர்வர் ஹலோ சொல்லும், கிளையன்ட் ஐடென்டிஃபை செய்தியில் டோக்கனை அனுப்பும், தவறென்றால் 4004 என்ற எண்ணோடு மூடும். கிராஃப்க்யூஎல்-டபிள்யூஎஸ் நெறிமுறையிலும் கனெக்‌ஷன் இனிட் என்ற முதல் செய்தி உண்டு. அந்த லைப்ரரி இயல்பாக 3 விநாடி காத்திருந்து, வராவிட்டால் 4408 சொல்லி மூடிவிடும்.

இதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, டொமைன், குக்கி, ஆரிஜின் என்ற சிக்கல் எதுவும் இல்லை. டோக்கன் தெரியாத வேற்றுத் தளம் இணைப்பைத் திறந்தாலும் ஒன்றும் கிடைக்காது. மொபைலும் பிரவுசரும் ஒரே வழியில் வரலாம். இரண்டு, டோக்கன் காலாவதியாகும்போது இணைப்பை அறுக்காமல் புதிய டோக்கனை அதே குழாயில் அனுப்பிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

விலையும் உண்டு. அடையாளம் தெரியாத இணைப்புகளைச் சில விநாடியாவது தாங்க வேண்டும். ஆகவே காத்திருப்பு நேரத்துக்கு வரம்பு, முதல் செய்தியின் அளவுக்கு வரம்பு, ஒரு ஐபியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு வரம்பு எல்லாம் நாமே எழுத வேண்டும். அதைவிடத் தொல்லை, ஒவ்வொரு செய்தியைக் கையாளும் இடத்திலும் "இவர் அறிமுகமானவரா" என்ற கேள்வி முன்னால் நிற்க வேண்டும். ஒரே ஒரு ஹேண்ட்லரில் அதை மறந்தாலும் போதும். ஹேண்ட்ஷேக்கிலேயே தடுக்கும் வழிகளில் இந்த மறதிக்கு இடமே இல்லை. பிரவுசர் மட்டும் உள்ள ஆப்பில், இந்த வழிக்காகவே டோக்கனை ஜாவாஸ்கிரிப்ட் கைக்குக் கொண்டுவருவது, எச்டிடிபி-ஒன்லி குக்கியால் கிடைத்த பாதுகாப்பைக் கையைவிட்டுக் கொடுப்பதாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு தடவை டிக்கெட்

குக்கி உள்ள பக்கம், சாதாரண போஸ்ட் ரிக்வெஸ்டாக ஆப் சர்வரிடம் "எனக்கு ஒரு டிக்கெட் கொடு" என்று கேட்கிறது. சர்வர் 32 பைட் ரேண்டம் சரத்தை உருவாக்கி, அதற்கு எதிரே யூசர் ஐடி, செஷன் ஐடி இரண்டையும் ரெடிஸ் என்ற வேகமான தரவுக் கிடங்கில் எழுதி, 30 விநாடி ஆயுள் வைக்கிறது. பிரவுசர் அந்த டிக்கெட்டை யூஆர்எல்லில் வைத்து வெப்சாக்கெட்டைத் திறக்கிறது. வெப்சாக்கெட் சர்வர் டிக்கெட்டைப் படிக்கும் கணமே அழிக்கிறது. ரெடிஸ் 6.2-இல் இதற்கென்றே படித்தவுடன் அழிக்கும் கட்டளை வந்துவிட்டது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் சின்ன லுவா ஸ்கிரிப்ட் போதும். படிப்பதையும் அழிப்பதையும் இரண்டு தனிக் கட்டளைகளாக அனுப்பினால் ஒரே டிக்கெட்டில் இருவர் நுழைய வாய்ப்பு உண்டு. ஸ்லாக்கின் பழைய ஆர்டிஎம் ஏபிஐ இதே குடும்பம்தான்: முதலில் எச்டிடிபி வழியாகக் கேட்டால் 30 விநாடிக்குள் பயன்படுத்த வேண்டிய வெப்சாக்கெட் முகவரி ஒன்று கிடைக்கும்.

யூஆர்எல்லில் டோக்கன் வைப்பதன் குறை இங்கே கடிக்காது. லாகில் விழும்போதே டிக்கெட் செத்துப்போயிருக்கும். டிக்கெட் கேட்கும் ரிக்வெஸ்ட் சாதாரண போஸ்ட் என்பதால் உங்கள் சிஎஸ்ஆர்எஃப் காவலும் கோர்ஸ் விதிகளும் அங்கே முழுதாக வேலை செய்யும். வெப்சாக்கெட் சர்வர் வேறு டொமைனில், வேறு டீமின் கையில், வேறு மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் கவலை இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரெடிஸ் இருந்தால் சரி. செஷன் ஐடியும் கூடவே வந்துவிடுகிறது.

தொல்லை மறுஇணைப்பில் இருக்கிறது. இணைப்பு அறும் ஒவ்வொரு தடவையும் புதிய டிக்கெட் வாங்கியாக வேண்டும். தானாக மறுஇணைக்கும் லைப்ரரிகளில் சில, முதலில் கொடுத்த யூஆர்எல்லையே பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப முட்டும். யூஆர்எல்லுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனை ஏற்கும் லைப்ரரியாகப் பார்த்து எடுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது எல்லாக் கிளையன்ட்டும் ஒரே நேரத்தில் டிக்கெட் கவுன்டருக்கு ஓடி வரும். காத்திருப்பில் சீரற்ற இடைவெளி வைக்காவிட்டால் ஆப் சர்வரும் சேர்ந்து திணறும்.

செஷன் முடியும்போது

இப்போது மறுபாதிக்கு வருவோம். செஷன் பல விதத்தில் முடியும்: யூசர் லாகவுட் செய்கிறார், பாஸ்வேர்டை மாற்றுகிறார், அட்மின் கணக்கை முடக்குகிறார், சும்மா கிடந்து காலாவதியாகிறது. இவற்றில் எதுவும் திறந்திருக்கும் இணைப்பைத் தானாகத் தொடாது. ஜாவா உலகம் மட்டும் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: 2013-இல் வந்த ஜேஎஸ்ஆர் 356, லாகின் செய்த எச்டிடிபி செஷனின் கீழ் திறந்த வெப்சாக்கெட்டை, அந்தச் செஷன் முடிந்தால் 1008 என்ற எண்ணோடு உடனே மூட வேண்டும் என்கிறது. டாம்கேட் அப்படியே செய்கிறது. மற்ற இடங்களில் நாமே கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு முன் ஒரு தேர்வு: இணைப்பை யூசர் ஐடியோடு முடிச்சுப் போடுவதா, செஷன் ஐடியோடா? யூசர் ஐடி மட்டும் இருந்தால், லேப்டாப்பில் லாகவுட் செய்தவரின் போன் இணைப்பையும் சேர்த்து அறுக்க நேரும். இல்லையென்றால் எதையுமே அறுக்காமல் விட நேரும். ரெயில்ஸ் கையேடுகளில் வரும் வழக்கமான உதாரணம் தற்போதைய யூசரை மட்டும் அடையாளமாக வைக்கிறது. அதை வைத்து டிஸ்கனெக்ட் சொன்னால் எல்லாக் கருவியும் போகும். செஷன் ஐடியையும் அங்கே அடையாளமாகச் சேர்க்க முடியும், சேர்த்துவிடுங்கள். ஃபீனிக்ஸின் ஆத் ஜெனரேட்டர் லைவ்வியூவுக்கு ஆரம்பத்திலிருந்தே செஷன் டோக்கனை வைத்துத்தான் சாக்கெட்டுக்குப் பெயர் சூட்டுகிறது. எனக்கு அந்த முன்யோசனை பிடிக்கும். செய்தியைக் கொண்டு சேர்க்க யூசர் வாரியான அட்டவணை, இணைப்பை மூடச் செஷன் வாரியான அட்டவணை என்று இரண்டும் தேவை. சாக்கெட்.ஐஓவில் இது இணைப்பை இரண்டு ரூம்களில் (பெயரிட்ட இணைப்புக் குழுக்களில்) சேர்ப்பதோடு முடிகிறது. ரூம் பெயராகச் செஷன் ஐடியை அப்படியே வைக்காமல் அதன் ஹாஷை வையுங்கள். ரூம் பெயர்கள் லாகிலும் மெட்ரிக்ஸிலும் தலைகாட்டும் வழக்கம் உடையவை.

செஷன் செத்ததை இணைப்புக்குத் தெரிவிக்க இரண்டு முறை உண்டு. லாகவுட் நடந்ததும், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் செய்தியைச் சேர்க்கும் ரெடிஸ் பப்-சப்பில் "இந்தச் செஷன் முடிந்தது" என்று அறிவித்து, எல்லா வெப்சாக்கெட் சர்வர்களும் தங்களிடம் உள்ள இணைப்பை மூடுவது ஒன்று. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் உள்ள செஷன்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று இடைவெளி விட்டுப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவது உடனடி. ஆனால் பப்-சப் செய்தியைச் சேமித்து வைக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு சர்வர் ரெடிஸிலிருந்து விலகியிருந்தால் அறிவிப்பு காற்றோடு போய்விடும். காலாவதியாகும் செஷனுக்கு அறிவிப்பு சொல்லவும் ஆள் இல்லை. இரண்டாவது தவறாது, ஆனால் தாமதிக்கும்.

இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை, செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 10,000 இணைப்புகளை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் விநாடிக்குச் சுமார் 167 தேடல்கள். தொகுதியாகக் கேட்டால் இன்னும் குறைவு. ரெடிஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பணம் அனுப்புவது, ஒருவரை நீக்குவது மாதிரி கனமான செய்திகளுக்கு மட்டும் அந்தக் கணத்திலேயே செஷனைப் பார்த்துவிடுங்கள். பார்க்கும்போது ஸ்டோரிலிருந்து புதிதாகப் படிக்க வேண்டும். ஹேண்ட்ஷேக்கில் கிடைத்த செஷன் ஆப்ஜெக்ட் அந்த நேரத்துப் படம் மட்டும்தான், யூசரின் ரோல் மாறியிருந்தால் அதில் தெரியாது.

செஷன் ஸ்டோரே இல்லாமல் ஜேடபிள்யூடியை மட்டும் நம்பும் அமைப்பில் இந்தக் கேள்விக்கு நேர் விடை கிடையாது. டோக்கனில் உள்ள காலாவதி நேரத்துக்கு ஒரு டைமர் வைத்து மூடலாம், ஏஎஸ்பி.நெட் கோரில் .நெட் 6 முதல் இதற்கென ஓர் அமைப்பே உண்டு, ஆனால் அதை நாம்தான் இயக்க வேண்டும். டோக்கன் ஆயுளைச் சில நிமிடங்களாகக் குறைத்தால் லாகவுட்டுக்கும் இணைப்பு அறுவதற்கும் நடுவில் உள்ள இடைவெளியும் சில நிமிடங்களாகும். உங்கள் ஆப்புக்கு அது போதுமா என்பது உங்கள் முடிவு. நிறுவனப் பொது லாகின் வழியாக வருபவர்களுக்கு ஓப்பன்ஐடி கனெக்ட்டின் பேக்-சேனல் லாகவுட் உதவும். 2022-இல் இறுதியான அந்த விவரக்குறிப்பின்படி லாகவுட் டோக்கனில் செஷன் ஐடி வரலாம், அதை வைத்துச் சரியான இணைப்பை மட்டும் மூடலாம். அமேசானின் ஏபிஐ கேட்வேயில் அனுமதிச் சோதனை இணையும்போது மட்டுமே நடக்கும். அதிகபட்சம் 2 மணி நேரத்தில் இணைப்பு எப்படியும் அறுந்துவிடும் என்றாலும், லாகவுட்டுக்கு அது ரொம்பத் தாமதம். இணைப்பு ஐடிகளைச் சேமித்து வைத்து நாமே அழிக்க வேண்டும்.

பலர் யோசிக்காத இன்னொன்று சும்மா இருக்கும் நேர வரம்பு. ஏஜென்ட் ஒரு மணி நேரம் சாட்டிலேயே மும்முரமாக இருக்கிறார், எச்டிடிபி ரிக்வெஸ்ட் ஒன்றும் போகவில்லை. 30 நிமிட வரம்பு வைத்த செஷன் ஸ்டோர் அவரைச் சும்மா இருக்கிறார் என்று வெளியே தள்ளும். அதற்குப் பயந்து வெப்சாக்கெட்டில் வரும் எதையும் செயல்பாடாக எண்ணினால், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 30 விநாடிக்கு ஒருமுறை தானாகப் போகும் பிங் செஷனை என்றைக்கும் சாக விடாது. ஸ்பிரிங் செஷன், வெப்சாக்கெட் செய்திகள் வந்தால் எச்டிடிபி செஷனை நீட்டிக்கும் வசதியைத் தருகிறது. கையால் எழுதுபவர்கள், மனிதர் தட்டி அனுப்பிய செய்திக்கு மட்டும் செஷனை நீட்டியுங்கள். பிங், டைப்பிங் அடையாளம், தானாகப் போகும் "படித்தாயிற்று" ஆகியவற்றுக்கு வேண்டாம்.

லாகினுக்கு முன்பே திறந்த இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். பெயர் தெரியாத பார்வையாளராகச் சாட்டைத் திறந்தவர் பிறகு லாகின் செய்தால், ஒழுங்கான ஃபிரேம்வொர்க் செஷன் ஐடியை மாற்றிவிடும். ஜாங்கோ அப்படித்தான் செய்கிறது. பழைய இணைப்பு பழைய ஐடியிலேயே தொங்கும். அதை ஒட்டுப்போட முயலாமல், லாகின் ஆனதும் கிளையன்ட்டே இணைப்பை மூடிப் புதிதாகத் திறப்பதுதான் சுத்தம்.

எதை எடுக்கலாம்

பிரவுசர் மட்டும், ஒரே ஹோஸ்ட், சர்வரில் செஷன் ஸ்டோர் உண்டு என்றால் யோசிக்கவே வேண்டாம்: குக்கி, கூடவே கறாரான ஆரிஜின் சோதனை. இதை விட்டு டோக்கனுக்குப் போகிறவர்கள், தேவையைப் பார்க்காமல் பழக்கத்தில் போகிறார்கள் என்பதுதான் என் எண்ணம். வெப்சாக்கெட் சர்வர் வேறு டொமைனில் என்றால், அல்லது யூசர்களே உள்ளடக்கம் ஏற்றும் சப்டொமைன்கள் உங்களிடம் இருந்தால், டிக்கெட். மூன்றாம் தரப்பு டெவலப்பர்கள், பாட்கள், பல வகைக் கிளையன்ட்கள் வரும் பொது ஏபிஐ என்றால் முதல் செய்தி வழி. அதற்கான காவல் வேலையைச் செய்ய ஆளும் நேரமும் இருக்க வேண்டும்.

நாம் எடுத்துக்கொண்ட சேவை ஆப்புக்கு நான் இரண்டைக் கலப்பேன். ஏஜென்ட் திரைக்குக் குக்கி, மொபைல் ஆப்புக்கு ஆதரைசேஷன் ஹெட்டர். இரண்டும் ஹேண்ட்ஷேக்கிலேயே முடிவதால், உள்ளே வந்த எந்த இணைப்பும் அடையாளம் உள்ளதுதான் என்று மீதிக் கோடு நிம்மதியாக நம்பலாம். ஒரு எச்சரிக்கை: மொபைலில் ஆரிஜின் ஹெட்டர் இருக்காது என்பதால் "ஆரிஜின் இல்லையென்றால் விட்டுவிடு" என்று எழுதத் தோன்றும். அந்தச் சலுகையை ஹெட்டரில் டோக்கன் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் கொடுங்கள். குக்கியோடு வருபவரிடம் ஆரிஜின் இல்லையென்றால் வெளியேதான்.

கிளையன்ட் பக்கம் இதை முடிக்கும்போது மூடல் எண்களில் (இணைப்பு ஏன் மூடியது என்று சொல்லும் எண்கள்) சற்று நேரம் செலவழியுங்கள். ஹேண்ட்ஷேக்கில் சர்வர் 401 என்று சொன்னாலும் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. நெட் போனாலும் 1006 (முறையாக மூடாமல் அறுந்தது), லாகின் போனாலும் 1006. ஆகவே இணைப்பு திறக்காமலே 1006 வந்தால், சாதாரண எச்டிடிபியில் "நான் யார்" என்று ஒரு ரிக்வெஸ்ட் போட்டுப் பாருங்கள். அங்கே 401 வந்தால் முயற்சியை நிறுத்தி லாகின் பக்கத்தைக் காட்டலாம். திறந்த இணைப்பைச் செஷன் முடிந்ததால் மூடும்போது 4401 மாதிரி உங்கள் சொந்த எண் ஒன்றை அனுப்புங்கள். 4000 முதல் 4999 வரை இதற்காகவே விட்டு வைத்த இடம். சர்வர் ரீஸ்டார்ட்டுக்கு 1012. முதலாவது வந்தால் டேப்பில் தெரியும் செய்திகளைத் துடைத்துவிட்டு லாகின் திரைக்குப் போக வேண்டும், இரண்டாவது வந்தால் சில விநாடி காத்திருந்து மறுபடி இணைய வேண்டும். இந்த வேறுபாடு இல்லாத கிளையன்ட், லாகவுட் ஆன டேப்பிலிருந்து ராத்திரி முழுக்கச் சர்வர் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.